தோளில் மாட்டும் இடங்காட்டி: தாமிரபரணிக் கரைக்கு எது ஆகும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரை ஊர்களில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், உடைந்த குளங்களின் தண்ணீர் இன்னொரு பக்கம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்துத்தான் பலர் பசியாறினார்கள். இத்தனை பேரும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரயில் நிலையத்திலும் அதன் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களையே முழுசாக வெளியே கொண்டுவர 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அப்படியென்றால், வாழைத் தோட்டத்து மோட்டார் ரூம் கூரையில் ஏறி நிற்கும் ஒற்றை ஆளை யார், எங்கே என்று தேடுவது?

ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சிலரும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து இதற்கு ஓர் இடங்காட்டி, அதாவது ஆபத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று மீட்க வருபவருக்குச் சொல்லும் சின்னக் கருவி, செய்யலாமா, விற்பதையே வாங்கலாமா என்று யோசித்துவருகிறோம். பணம் குறைவு. ஒன்றை எடுத்தால் மற்றதை விடத்தான் வேண்டும். எதை ஏன் தள்ளினோம், எதை ஏன் வைத்துக்கொண்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு ஆகும்.

இடங்காட்டி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அது அனுப்புவதை யார் கேட்கப்போகிறார்கள்? பொத்தானை அமுக்கியவரிடமிருந்து படகில் வருபவர் வரைக்கும் அந்தச் செய்தி எத்தனை கை மாறுகிறது, அதில் எந்தக் கை வெள்ளத்தன்று வேலை செய்யாது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி வழிகள் அங்கேயே அடிபட்டுப்போகும்.

முதலில் செல்போன். எல்லோரிடமும் இருக்கிறது, தனிச் செலவு இல்லை, 112-ஐ அழைத்தால் ஆள் எடுப்பார்கள். டவர் நிற்கிற வரைக்கும் இதைவிட நல்ல இடங்காட்டி கிடையாது. ஆனால் கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடும் இல்லாமல் போனால் அத்தோடு சரி. அந்த டிசம்பரில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சொந்தக்காரர்களின் குரலைக் கேட்க முடியாமல் சென்னையிலும் துபாயிலும் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோள்கள் அனுப்புவதைக் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. நாம் எங்கே இருக்கிறோம் என்று போனுக்குத் தெரியும், அதை வெளியே சொல்லத்தான் அதற்கு வழியில்லை. நாங்கள் தேடுவது அந்த வழியை மட்டும்தான்.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லைகளைச் சிலர் சொன்னார்கள். அவை தாமாக எங்கும் செய்தி அனுப்புவதில்லை. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய போன் அதைக் கேட்டு, அந்தப் போன் இணையத்தில் ஏற்றினால்தான் இடம் தெரியும். வெள்ளத்தில் பக்கத்தில் போகிற ஆளும் இல்லை, இணையமும் இல்லை. தள்ளிவிட்டோம். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட மலையேறிகள் வைத்துக்கொள்ளும் 457 கிலோஹெர்ட்ஸ் கருவியும் இப்படித்தான். எங்கே புதைந்தார் என்று ஏறத்தாழத் தெரிந்து, சில பத்து மீட்டருக்குள் தேடுவதற்கு ஆனது அது. நமக்கு அந்த "ஏறத்தாழ"தான் தெரியவில்லை.

அடுத்தது செயற்கைக்கோள் வழி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குறி அனுப்பும் கருவிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. கப்பலுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, ஆள் அணிந்துகொள்ள ஒன்று. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு 1982-லிருந்து இவற்றைக் கேட்டு ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆள் அணியும் கருவியின் குச்சியை விரித்துப் பொத்தானை அமுக்கினால், சுமார் 50 நொடிக்கு ஒரு தடவை அரை நொடி நேரம் 5 வாட் பலத்தில் கத்தும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு அது நிற்கக் கூடாது என்பது விதி. பேட்டரி சார்ஜ் போடுவது அல்ல, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்து அன்றைக்கு வேலை செய்வது. பக்கத்தில் வந்த பிறகு மோப்பம் பிடிக்க 121.5 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு சின்னக் குறியும் வரும். இந்தியாவில் இதைக் கேட்கும் மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது. கருவியை அங்கே பதிவு செய்து வைத்தால், குறி வந்ததுமே யாருடையது என்று தெரிந்துவிடும்.

கேட்க ஆள் உறுதியாக உண்டு, டவர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். அப்புறம் என்ன? விலை. வெளிநாட்டுச் சந்தையிலேயே ஒரு கருவி 300 டாலரை ஒட்டி வரும். ஒரு தெருவுக்கு வாங்கும் பணத்தில் ஒரு வீட்டுக்குத்தான் வாங்கலாம். இன்னொன்று, செய்தியின் சுற்று. பெங்களூருக்குப் போய், அங்கிருந்து மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய், மாவட்டத்துக்கு இறங்கி, தாலுகாவுக்கு வந்து, அதற்கப்புறம் படகு வைத்திருப்பவரிடம் சேர வேண்டும். அந்தப் படகுக்காரர் அடுத்த தெருவில்தான் இருப்பார். அவருடைய போனும் செத்துப்போயிருக்கும்.

ஆனால் கடலுக்கு இதுதான். உவரி, கூட்டப்பனை, இடிந்தகரை, கூட்டப்புளி ஆட்கள் வள்ளம் தள்ளிப் போகிற இடத்தில் அடுத்த தெருக்காரர் என்று யாரும் கிடையாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து சொல்லவும் முடியவில்லை, அவர்கள் கரைக்குச் சொல்லவும் முடியவில்லை. மீனவர்களுக்கென்றே இஸ்ரோ 2010 முதல் ஓர் அபாயக் குறி அனுப்பியைக் கொடுத்துவருகிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் "உங்கள் செய்தி வந்து சேர்ந்தது" என்று பதிலும் வரும். தண்ணீரில் மிதக்கும் மனிதனுக்கு அந்தப் பதில் என்ன செய்யும் என்று கடலோரத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். கடல் ஊர்களுக்கு நாங்கள் எதுவும் புதிதாகச் செய்யப்போவதில்லை. இருப்பதை எல்லா வள்ளத்திலும் இருக்கச் செய்வதும், அது வள்ளத்தோடு மூழ்காமல் ஆளோடு வருகிற மாதிரி மாட்டிவைப்பதும்தான் அங்கே வேலை.

செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கைக்கருவிகள் வெளிநாட்டில் மலையேறிகளிடம் சாதாரணம். துபாயிலிருந்து வரும் மச்சானிடம் ஒன்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ செய்திக்கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளையே விமான நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது, நாமே கேட்டுக்கொள்ளும் ரேடியோ. லோரா என்ற முறையைத்தான் நாங்கள் எடுத்திருக்கிறோம். இதில் பேச முடியாது, படம் அனுப்ப முடியாது. சின்னஞ்சிறு செய்தியை மெதுவாக, மிகக் குறைந்த மின்சாரத்தில், பல கிலோமீட்டருக்கு அனுப்பலாம். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்: கருவி எண், அட்சரேகை, தீர்க்கரேகை, பேட்டரி நிலை, பொத்தான் அமுக்கப்பட்டதா இல்லையா. எல்லாம் சேர்த்து 12 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

அலைவரிசை விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 வாட்டுக்குள், தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பாதி 915 என்று போட்டிருக்கும். அது அமெரிக்காவுக்கு ஆனது. நம் ஊரில் அந்தப் பக்கம் செல்போன் கம்பெனிகளின் இடம். வாங்கும்போதே 865 அல்லது 868 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஆன்டெனாவும் அதற்கானதாக இருக்கட்டும். பத்து ஊருக்கு விற்கிற அளவுக்குப் போனால் கருவிக்கு அரசின் வகை ஒப்புதலும் வாங்க வேண்டும்.

பேட்டரிக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் செய்து காட்டிய மாதிரிகளில் பெரும்பாலும் இங்கேதான் இடறியது. சார்ஜ் போடும் பேட்டரி வைத்த கருவி பள்ளிக் கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். வீட்டில் ஆணியில் தொங்கும் கருவிக்கு மாதா மாதம் யார் சார்ஜ் போடுவார்கள்? மழைக்காலம் வரும்போது அது செத்துக் கிடக்கும். அதனால் கேமராவில் போடும் சி.ஆர்.123 என்ற லித்தியம் பேட்டரியை எடுத்தோம். 3 வோல்ட், சுமார் 1,500 மில்லி ஆம்பியர்-மணி, சும்மா கிடந்தால் பத்து வருஷம் வரை தாங்கும். ஜி.பி.எஸ். இடம் பிடிக்க அரை நிமிஷம் 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், ஒரு தடவைக்குக் கால் மில்லி ஆம்பியர்-மணி. ரேடியோ முழுப் பலத்தில் 120 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஆனால் அரை நொடிகூட ஆகாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் மணிக்கு 2 மில்லி ஆம்பியர்-மணி கூட வராது. மூன்று நாள் ஓடினாலும் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கும். கைக்கடிகார வில்லை பேட்டரி சின்னதாக இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள், அதனால் 120 மில்லி ஆம்பியரைத் தள்ள முடியாது. அமுக்கியதும் ரேடியோ எழுந்து, உடனே தூங்கிவிடும்.

இப்போது, யார் கேட்பார்கள்? இதற்குத்தான் எங்களிடம் பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருக்கிறது. ஊரிலேயே உயரமான இடம் பெரும்பாலும் அதுதான். கான்கிரீட் தூண், ஏற ஏணி, தினமும் வந்து பார்க்கும் டேங்க் ஆபரேட்டர் அண்ணாச்சி. அதன் தலையில் ஒரு ரிலே பெட்டி, அதாவது வரும் செய்தியைக் கேட்டு அப்படியே திருப்பி அனுப்பும் ரேடியோ, ஒரு சின்ன சோலார் தகடு. தரையில் நிற்கிறவரின் ரேடியோ வாழைத் தோப்புக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மங்கிவிடலாம், ஆனால் தொட்டியிலிருந்து அடுத்த ஊர்த் தொட்டிக்கு நடுவில் மறைப்பு கிடையாது. மருதூர் அணைக்கட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களைத் தொட்டி தொட்டியாக இப்படிக் கோத்துவிட முடியும். யாருடைய டவரும் வேண்டாம். கேட்கும் கருவியைப் படகு வைத்திருப்பவர், பஞ்சாயத்து அலுவலகம், உயரமான மச்சு உள்ள ஏதாவது ஒரு வீடு என்று மூன்று இடத்தில் வைத்தால், ஒன்று மூழ்கினாலும் மற்றது நிற்கும்.

இதற்கும் குறை உண்டு. 300 கருவிகள் ஒரே நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசத் தொடங்கினால், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழும். அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவான செய்தி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு செய்தி மோதிக் காணாமல் போகும். ரிலேக்கள் திருப்பிச் சொல்வதையும் சேர்த்தால் இன்னும் மோசம். அதனால் இடைவெளியைக் கருவிக்குக் கருவி முன்பின்னாக மாற்ற வேண்டும், பொத்தான் அமுக்கப்படாத கருவி வாயைத் திறக்கவே கூடாது. ஆளைத் தினமும் பின்தொடரும் வசதி வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். அது கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அலைவரிசை அடைபடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு பெண் எங்கே போகிறாள் வருகிறாள் என்று ஊர்த் திரையில் காட்டும் கருவியை யார் நம்பி மாட்டுவார்கள்?

எங்கே மாட்டுவது என்பதற்கு நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. இடுப்பில் கட்டினால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே வேலை முடிந்தது, தண்ணீருக்குள்ளிருந்து ஜி.பி.எஸ். கேட்காது, ரேடியோவும் வெளியே வராது. கையில் கட்டினால் நீந்துகிறவர் கை தண்ணீருக்குள்ளேயே இருக்கும், அதோடு மனித உடம்பே பாதி ரேடியோவைக் குடித்துவிடும். கழுத்துக் கயிறு முள்ளிலோ கம்பியிலோ மாட்டினால் ஆளுக்கே ஆபத்து. மிச்சம் தோள். ஆனால் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஆம்பிளைகள் பாதிப் பேர் சட்டை போட்டிருக்க மாட்டார்கள், சேலைக்கு மேல் கொக்கி நிற்காது. கடைசியில், ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க அக்குள் வரைக்கும் குறுக்கே போகும் அகலமான நாடாப் பட்டை என்று முடிவு செய்தோம். கருவி தோளின் உச்சியில், ஆன்டெனா மேல்நோக்கி. பட்டைக்குள் மிதக்கும் நுரை. இழுத்தால் அவிழும் கொக்கி. ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். ஒரு ராத்திரி முழுக்க நனைகிற ஆளுக்கு அது போதாது, அதனால் பெட்டிக்குள் முழுக்க ரெசின் ஊற்றி அடைத்துவிடுகிறோம். பேட்டரிக்கு மட்டும் தனி மூடி.

ஆளுக்கு ஒன்றா, வீட்டுக்கு ஒன்றா? வீட்டுக்கு ஒன்று. தண்ணீர் ஏறும்போது வீட்டோடு சேர்ந்துதான் மாடிக்கு ஓடுகிறோம். ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் மஞ்சள் பையை எடுக்காமல் யாரும் போக மாட்டார்கள், அந்தப் பை தொங்கும் ஆணியிலேயே இதுவும் தொங்கட்டும். தனியாக வயக்காட்டில் காவல் இருப்பவர், தனியாக இருக்கும் வயசானவர்கள் ஆகியோருக்கு மட்டும் தனிக் கருவி. ஒரு கருவிக்கு 2,500 ரூபாயை ஒட்டி வரும் என்பது எங்கள் மதிப்பு.

காரையாறு அணைக்கு மேலே இருக்கும் இஞ்சிக்குழி போன்ற காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இந்த ஏற்பாடு அப்படியே ஆகாது. நடுவில் மலை மறைக்கும், ரிலே வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், ரிலே கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பதும் லேசில்லை. அங்கே குடியிருப்புக்கு ஒன்று என்று 406 கருவி வைப்பதுதான் சரி. ஆள் குறைவு என்பதால் விலையும் தாங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இவ்வளவு எலக்ட்ரானிக்ஸுக்கும் முன்னால், ஒரு நல்ல பிளாஸ்டிக் விசில். உள்ளே பட்டாணி உருளாத வகை, நனைந்தாலும் ஊதும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதன் சத்தம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்த பிறகும் விசிலை ஊதலாம். கப்பலில் இருக்கும் ஒவ்வொரு உயிர்காப்பு ஜாக்கெட்டிலும் விசிலும், குறைந்தது 8 மணி நேரம் எரியும் விளக்கும் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு விதியே இருக்கிறது. ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். கடைசி அந்தச் சில மீட்டரை, இருட்டில், மழைச் சத்தத்தில், படகில் வருபவர் காதாலும் கண்ணாலும்தான் கடக்க வேண்டும். ஆகவே எங்கள் பட்டையில் விசிலும், மினுக்கும் வெள்ளை விளக்கும், டார்ச் பட்டதும் பளிச்சிடும் ஒட்டுப்பட்டையும் கட்டாயம். பணம் சேரவில்லையென்றால் ரேடியோவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மூன்றையும் மட்டும் வைத்த பட்டையை ஊர் முழுக்கக் கொடுப்பேன். அதற்கு வீட்டுக்கு 200 ரூபாய்கூட ஆகாது.

கேட்கும் கருவியின் திரையில் என்ன காட்டுவது என்பதில் இன்னும் வேலை இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை போதும், அதைப் பார்த்தே வந்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் முதல் நாளில் இறங்குவது ஊர்ப் பிள்ளைகளும் கடற்கரையிலிருந்து படகோடு வரும் மீனவர்களும்தான். அவர்களுக்கு "கீழத்தெரு, அம்மன் கோயிலுக்கு வடக்கே 60 மீட்டர்" என்று வர வேண்டும். வெளியூர் மீனவருக்கு அதுவும் தெரியாது, அம்புக்குறியும் தூரமும்தான் வேண்டும். மூன்றும் ஒரே திரையில், மழைத்துளி விழுந்தாலும் படிக்கிற எழுத்தில் வர வேண்டும். தெருப் பெயர்களையும் கோயில், பள்ளிக்கூடம், மறுகால் மதகு எல்லாவற்றின் இடங்களையும் பிள்ளைகள் இப்போது நடந்து நடந்து குறித்துவருகிறார்கள்.

புரட்டாசி கடைசிக்குள், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், மூன்று தொட்டிகளில் ரிலே ஏறிவிட வேண்டும். ஏறிய பிறகு ஒரு ராத்திரியில், கரண்டை நிறுத்திவைத்து, யார் எங்கே இருக்கிறார் என்று முன்கூட்டிச் சொல்லாமல் சிலரைத் தோட்டங்களுக்குள் அனுப்பி, படகுக்காரர்களே தேடிக் கண்டுபிடிக்கும் ஒத்திகை வைப்போம். அதில் கண்டுபிடிக்க முடியாத கருவி வீடுகளுக்குப் போகாது.